கவுன்சிலிங் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொந்த தெரபி கட்டாயமா?

ஆழியாறு: கோவையில் பயிற்சிக்கு வரும் சைக்காலஜி பிள்ளைகளை மேற்பார்க்கிற வேலை எனக்கு. சொந்தக் காயத்தை ஒரு தெரபிஸ்டிடம் பேசாதவர்களைக் கிளையண்ட் முன்னால் உட்கார வைக்கவே கூடாது என்பேன். பயிற்சிக்கு வந்த ஒரு பெண் (அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்), அப்பாவின் குடியால் தோட்டத்தை விற்ற குடும்பம். எதிரே கிளையண்டாக இருந்த அம்மா, "குடிச்சாலும் அவரு நல்ல மனுசன்தானுங்க" என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துட்டு இருப்பீங்க?" என்றாள். அந்தம்மா மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு போனவர்தான், மறுபடி வரவில்லை. அது அவள் தன் அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி.

தறிக்காரர் மகன்: அதுக்குத்தானே உங்களை மாதிரி மூத்தவங்க கேட்டுத் திருத்தற சூப்பர்விஷன் இருக்குதுங்க? சோமனூரில் ரெண்டு தறி ஓட்டிப் படிக்க வைக்கிற வீட்டில், ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய் யார் கொடுப்பது? அப்புறம், தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும். அடிபட்டு வந்த பிள்ளைகள்தான் அடிபட்டவர்களிடம் ஒட்டுவார்கள்.

ஆழியாறு: ஒட்டுவார்கள், அதுதான் சிக்கலே. பயிற்சி மாணவர் சொல்வதை வைத்துத்தான் சூப்பர்விஷன் நடக்கும், அவள் பேனாவை மூடியதை என்னிடம் சொல்லவே இல்லை, கூட உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள். சிகிச்சை தருபவரின் சொந்த உணர்ச்சிகள் குறுக்கே வருவதை, மனப்பகுப்பாய்வு சிகிச்சையைத் தொடங்கிய ஃப்ராய்ட் 1910லேயே எழுதிவிட்டார். 1937ல், பகுப்பாய்வாளர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தாங்களே திரும்பப் போய் இன்னொரு பகுப்பாய்வாளர் முன்னால் சிகிச்சைக்கு உட்கார வேண்டும் என்றார். தேறினவர்களுக்கே அப்படியென்றால் பயிற்சியில் இருப்பவர்களுக்கு?

கோபி அக்கா: பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். ஆழியாறு, நீங்க சொல்றது சரி, ஆனா "கட்டாயம்" என்றதும் எனக்கு உதறுகிறது. கோவை, ஈரோடு, திருப்பூர் எல்லாம் சேர்ந்தாலும் இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். முதல் கேள்வியே "எந்த ஊரு கண்ணு, யாரு ஊட்டுப் புள்ள?" என்பதுதான். அங்கே போய் ஒரு பெண் மாமா தொட்டதைப் பேசுவாளா? பரீட்சைக்கு எழுதுவது போல எதையாவது அழுதுவிட்டுக் கையெழுத்து வாங்கி வருவாள். இதில் சில இடங்களில் வாத்தியாரே தெரபிஸ்டாம்! காலையில் யாரிடம் மனசைத் திறந்தாளோ அவரிடமே மதியம் மார்க் வாங்க வேண்டும்.

ஆழியாறு: வாத்தியார் கூடவே கூடாது, அதில் சண்டையே இல்லை அக்கா. வெளியூர் ஆளாக, வீடியோவில் வைத்துக்கொள்ளலாம். கல்லூரிக்கு எத்தனை மணி நேரம் என்ற சான்று மட்டும் போகட்டும், உள்ளே பேசியது ஒரு வரிகூடப் போகக் கூடாது.

தறிக்காரர் மகன்: சரி, காசு விஷயத்துக்கு வாங்க, அதுக்கு இன்னும் பதில் சொல்லலைங்க. அப்புறம், காயம் ஆறினவன்தான் வரலாம் என்றால் பாதி வகுப்பு காலியாகிவிடும்.

ஆழியாறு: ஆறியிருக்க வேண்டும் என்று எங்கே சொன்னேன்? எந்தப் பேச்சு வந்தால் தனக்குக் கோபம் ஏறுகிறது என்பதாவது தெரிந்திருக்கட்டும். கட்டணத்தைக் கல்லூரி கட்டட்டும்.

தறிக்காரர் மகன்: கட்டுமா? ஆண்டுவிழாப் பந்தலுக்கு மட்டும் காசு இருக்குதுங்க அவங்களுக்கு.