புதுப்பிப்பு: பிளேனரில் வழுக்கிய தள்ளுகட்டைக்குத் தீர்வு கிடைத்தது

வீட்டுப் பட்டறையில் 6 அங்குல சர்ஃபேஸ் பிளேனரில் (மேசை நடுவே சுழலும் பிளேடின் மேல் பலகையைத் தள்ளி, அதன் அடிப்பக்கத்தைச் சமமாக்கும் இயந்திரம்) தேக்குப் பலகைகளை இழைக்கும்போது, கை பிளேடருகே போகாமல் பலகையை அழுத்தித் தள்ள உதவும், ரப்பர் அடிப்பாகம் கொண்ட தள்ளுகட்டைகள் பிடிப்பின்றி வழுக்குகின்றன என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில், ரப்பரை ஈரத்துணியால் துடைக்கச் சொன்ன யோசனையைச் செய்து பார்த்தேன். துணியில் மாவு போன்ற பழுப்புத் தூள் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. பிடிப்பும் உடனே திரும்பியது. ஆனால் நான்கைந்து பலகைகளுக்குள் மீண்டும் தூசி படிந்துவிடுவதால், இடையிடையே துடைக்க வேண்டியிருக்கிறது.

நிலையான தீர்வு, பின்புறம் உதடு (கீழ்நோக்கி நீட்டியிருக்கும் சிறு விளிம்பு) வைத்த தள்ளுகட்டையைச் செய்துகொள்ளச் சொன்ன நண்பருடையது. 18 மி.மீ. பிளைவுட்டில் கைப்பிடியுடன் ஒன்று செய்து, பலகையின் பின்முனையைப் பிடித்துத் தள்ளும்படி 6 மி.மீ. உதட்டை ஆணியோ திருகோ இன்றிப் பசையால் மட்டும் ஒட்டினேன். தவறிப்போய் பிளேடில் பட்டாலும் அங்கே இரும்பு இருக்கக் கூடாது. பலகையின் கனத்தைவிட உதடு குறைவாக இருப்பது அவசியம். இப்போது பலகையின் பின்பக்கம் தள்ளும் கையில் இதையும், முன்பக்கம் அழுத்தும் கையில் ரப்பர் கட்டையையும் வைத்துக்கொள்கிறேன்.

எதிர்பாராத ஒன்று: பிடிப்பு கூடியதும் நான் பலமாக அழுத்தியதால், வளைந்திருந்த மெல்லிய பலகை மேசையோடு தட்டையாகி, இழைத்து எடுத்தபின் பழைய வளைவுக்கே திரும்பிவிட்டது. இப்போது லேசாகவே அழுத்துகிறேன். பலகையின் முன்பகுதி பிளேடைத் தாண்டியபின், அழுத்தத்தை வெளிவரும் பக்கத்து மேசைக்கு மாற்றிவிடுகிறேன்.