நைஃப்ல கே எதுக்குப்பா? இரண்டாவது படிக்கிற பெண்ணின் ஸ்பெல்லிங் சந்தேகம்

தண்டையார்பேட்டை மெக்கானிக்:
வணக்கம். காசிமேட்டில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறேன். நான் படித்தது தமிழ் மீடியம், மகள் இங்கிலீஷ் மீடியத்தில் இரண்டாவது. வெள்ளிக்கிழமைதோறும் டிக்டேஷன், இருபது வார்த்தை. போன வாரம் பதினொன்றுதான் சரி. நோட்டு முழுக்கச் சிவப்பு வட்டம், கீழே என் கையெழுத்து வேறு கேட்டிருந்தார்கள்.

கத்திக்கு என், ஐ, எஃப் என்று மூன்றே எழுத்தில் முடித்திருந்தாள். "முன்னாடி கே, கடைசியில் ஈ போடணும்மா" என்றேன். "கே சத்தமே வரலையேப்பா, அப்புறம் எதுக்கு எழுதணும்?" என்று கேட்டாள். "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். இந்த போல்ட் எதுக்கு என்று படகுக்காரர் கேட்டால் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியுமா?

இந்த வாரமும் அதே நைஃப் இருக்கிறது. கூடவே முழங்காலுக்கான நீ, வெட்னஸ்டே, ஐலேண்ட், பிஸ்கட், கபர்ட். அர்த்தம் தெரியும். எழுத்துக்கான காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் டியூஷன் டீச்சர்:
தம்பி, பெண் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கே ஒரு காலத்தில் வாயிலும் இருந்தது. நைஃப், ஐரோப்பாவின் வடக்கிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகளோடு இங்கிலாந்துக்குப் போன சொல். அப்போது 'க்னீஃப்' என்றுதான் சொன்னார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் முழங்காலை 'க்னீ' என்கிறார்கள். இங்கிலாந்தில் அந்த 'க்' தேய்ந்துபோனது 17-ம் நூற்றாண்டு வாக்கில். ஆனால் காக்ஸ்டன் என்கிற அச்சுக்காரர் 1476-லேயே லண்டன் பக்கம் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்துவிட்டார். அச்சில் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நிலைத்துவிட்டது, வாய் மட்டும் மாறிக்கொண்டே போனது. நம்ம பக்கத்தில் 'வாயப்பயம்' என்று வாங்கினாலும் எழுதும்போது ழ போடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி. வீட்டில் அவளோடு சேர்ந்து 'க்-னைஃப், க்-னீ' என்று சத்தமாகச் சொல்லிச் சிரியுங்கள். கே தானாக வரும்.

வெட்னஸ்டேயில் டி வாயில் வராது. அது வோடன் என்ற பழைய தெய்வத்தின் நாள், டி அவருடையது. ரோமானியர்களுக்கு அது மெர்க்குரியின் நாள், அதாவது நம்ம புதனேதான்! ஐரோப்பாவில் வடக்கே இருந்தவர்கள் மெர்க்குரியை எடுத்துவிட்டு வோடனை வைத்துக்கொண்டார்கள். எழுதும்போது மட்டும் 'வெட்-நெஸ்-டே' என்று மனசுக்குள் சொல்லச் சொல்லுங்கள்.

பிஸ்கட்டில் அந்த யு, ஐ பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தது. 'பிஸ்' என்றால் இரண்டு தடவை, பின்பாதி 'வெந்தது'. டீக்கடை ரஸ்க்கைக் காட்டினால் புரிந்துவிடும். கபர்ட், கப் வைக்கிற போர்டு, அதாவது பலகை. அவ்வளவுதான்.

ஐலேண்டில் இருக்கிற எஸ்ஸுக்கு மட்டும் நியாயமே கிடையாது. பழைய சொல்லில் எஸ் இல்லை. லத்தீன் 'இன்சுலா'விலிருந்து வந்த ஐல் என்ற வேறொரு சொல்லோடு இதைச் சொந்தம் என்று நினைத்து, 16-ம் நூற்றாண்டு வாக்கில் எஸ்ஸைச் செருகிவிட்டார்கள். தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போகும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். பெரியவர்களும் தப்பு பண்ணுவார்கள் என்றால் பிள்ளைகளுக்குத் தனி சந்தோஷம்.

வியாசர்பாடிக்காரன்:
கதை எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். இருபது வார்த்தைக்கும் கதை சொன்னால் எப்போது தூங்குவது? நான் என் பையனுக்குச் செய்வது இதுதான்: வார்த்தையைப் பார்க்கணும், கையால் மூடணும், பார்க்காமல் எழுதணும், திறந்து சரிபார்க்கணும். தப்பாக வந்ததை மட்டும் மறுபடி. பத்து நிமிஷ வேலை.

ராயபுரம் டியூஷன் டீச்சர்:
அதுவும் வேணும், மறுக்கவில்லை. அடம்பிடிக்கிற வார்த்தைக்கு மட்டும் கதை. கேட், பேட்டுக்கெல்லாம் கதை சொல்லி யாரும் மெனக்கெட வேண்டாம்.

காசிமேட்டு அண்ணன்:
மெக்கானிக் தம்பி, ஒன்றை விட்டுட்டீங்க. பாப்பாவுக்கு 'கேட்டமரான்' சொல்லிக்கொடுங்க. சி-ஏ-டி, பூனை எழுதுகிற அதே கேட்தான் முதலில் வரும். அப்புறம் ஏ, எம், ஏ, ஆர், ஏ, என். பூனைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது, நம்ம கட்டுமரம்! நம்ம கடற்கரையில் பார்த்த வெள்ளைக்காரன் 17-ம் நூற்றாண்டிலேயே எழுதிட்டுப் போயிட்டான். ஆனால் இப்போது அவர்கள் அந்தப் பேரில் சொல்வது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அடிப்பாகம் வைத்த படகை. மரத்தைச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினது என்ற விஷயமே போயிடுச்சு. இங்கேயும் எல்லாம் ஃபைபர் ஆகிவிட்டது, அது வேற கதை. எங்க அப்பா கட்டுமரம் ஓட்டினவர், அவருக்கு ஏ-பி-சி-டி தெரியாது.

தண்டையார்பேட்டை மெக்கானிக்:
எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா கதையும் வியாசர்பாடி அண்ணன் முறையும் இரண்டுமே செய்தோம். பதினாறு வாங்கியிருக்கிறாள். நைஃப், நீ, ஐலேண்ட் எல்லாம் சரி. கட்டுமரத்தை லிஸ்ட்டில் இல்லாமலே நோட்டின் கடைசியில் எழுதி, பக்கத்தில் படமும் போட்டிருக்கிறாள்.

ஒரே சிக்கல். ஒன்பதுக்கு வருகிற நைனுக்கும் முன்னாடி கே போட்டிருக்கிறாள். மிஸ் ஏன் என்று கேட்டதற்கு, "வாயப்பயம் மாதிரி மிஸ்" என்றாளாம். இப்போது மிஸ் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்.