30, 60, 120 கிலோவாட்: டியாகோவுக்கு எந்த டிசி சார்ஜர்?

மஞ்சக்குப்பத்தான் கேட்டது:

வணக்கம். கடலூரில் இருக்கிறேன். 24 யூனிட் பேட்டரி உள்ள டாடா டியாகோ இவி மின்சார கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஊருக்குள் ஓட்ட வீட்டு 15 ஆம்பியர் பிளக்கே போதும், ராத்திரி செருகினால் காலையில் நிறைந்திருக்கும். மகள் தாம்பரத்தில் இருக்கிறாள். அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் போக மனசு வரவில்லை, வழியில் ஒரு தடவை சார்ஜ் போடலாம் என்று நினைக்கிறேன். சார்ஜர் தேடும் ஆப்பைத் திறந்தால் டைப் 2, சிசிஎஸ் 2, பாரத் டிசி, 30, 60, 120 என்று என்னென்னவோ வருகிறது. விலையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. 30-ல் ஆகிற நேரத்தில் பாதிதான் 60-ல் ஆகுமா? வெளியூர் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

ஈசிஆர் டாக்ஸி:

பாண்டியிலிருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு எம்ஜி வின்ட்சர் மின்சார கார் ஓட்டுகிறேன் சார். நான் குடிக்கிற டீயில் பாதி சார்ஜர் பக்கத்தில் நின்று குடிப்பதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் காரில் செருகுகிற கன்னைப் பாருங்கள், கிலோவாட் எண்ணை அப்புறம் பார்க்கலாம். உங்கள் காரின் சார்ஜிங் மூடியைத் திறந்தால் மேலே ஏழு துளை உள்ள வட்டம், அதற்குக் கீழே தடிமனாக இரண்டு துளை இருக்கும். மேல் வட்டத்தில் மட்டும் பொருந்துவது டைப் 2, வீட்டு லைனில் வருகிற மாதிரி ஏசி கரண்டுக்கு. கீழ்த் துளைகளையும் சேர்த்து அடைப்பது சிசிஎஸ் 2, நேராக பேட்டரிக்குப் போகிற டிசி கரண்டுக்கு. உங்களுக்கு வேண்டியது அதுதான். பாரத் டிசி 001 என்பது 15 கிலோவாட் பெட்டி. இ-வெரிட்டோ மாதிரி 72 வோல்ட் பேட்டரி உள்ள கார்களுக்காக வந்தது. அதன் கன்னே வேறு, உங்கள் காரில் நுழையாது. சில பழைய மெஷின்களில் சாடெமோ என்று இன்னொரு கன் தொங்கும். அது ஜப்பான்காரர்களுடையது, நமக்கு அதில் வேலையில்லை.

இப்போது எண். மெஷினில் எழுதியிருப்பது அது அதிகபட்சம் எவ்வளவு தரும் என்பது மட்டுமே. எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்கிறது உங்கள் காருக்குள் பேட்டரியைக் கவனித்துக்கொள்ளும் பிஎம்எஸ் என்கிற கம்ப்யூட்டர். டியாகோவுக்கு கம்பெனி சொல்கிற கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: டிசியில் 10-லிருந்து 80 சதவீதம் ஏற 58 நிமிடம். 24 யூனிட்டில் 70 சதவீதம் என்றால் 16.8 யூனிட். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அவ்வளவுதான் ஏறுகிறது என்றால், சராசரியாக 17 கிலோவாட் வாக்கில்தான் கார் இழுக்கிறது. இதை 120-ல் போட்டாலும் அதே கதைதான். 30 கிலோவாட் மெஷின் உங்களுக்குத் தாராளம். விலை குறைவாக இருந்தால் அதிலேயே போடுங்கள். யூனிட் விலையைப் பார்க்கும்போது ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்ததா, தனியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்படியில்லை. வின்ட்சரின் 38 யூனிட் பேட்டரிக்கு 50 கிலோவாட் மெஷின் வேண்டும். ஆனால் 60 என்று போட்ட பல மெஷின்களில் இரண்டு கன் இருக்கும். பக்கத்தில் இன்னொருவர் செருகிவிட்டால் ஆளுக்கு 30 என்று பிரிந்துவிடும். பின் சீட்டில் ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த 30-ஐப் பார்த்தால் வருகிற எரிச்சல் இருக்கிறதே! அதனால் ஒரு வேண்டுகோள்: 30 காலியாக இருந்தால் சின்ன கார்கள் 60-ஐயும் 120-ஐயும் பெரிய வண்டிகளுக்கு விட்டுவிடுங்கள். மஹிந்திரா பிஇ 6 மாதிரி வண்டியெல்லாம் 180 கிலோவாட் வரைக்கும் வாங்கும்.

80 சதவீதம் ஆனதும் கிளம்பிவிடுங்கள். அதற்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கன்னைப் பற்றி இன்னொரு விஷயம். டிசி கேபிள் நல்ல கனம். செருகிவிட்டுக் கையை எடுத்தால் அதன் எடையே கன்னைக் கீழே இழுக்கும். கீழ்ப் பின் சரியாக உட்காராமல் திரையில் கம்யூனிகேஷன் எரர் என்று வரும். மெஷின் ரிப்பேர் என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கன்னின் அடியைக் கையால் தாங்கி, உள்ளே அழுத்தி, டக் என்று லாக் விழுகிற வரைக்கும் விடாதீர்கள். ஈசிஆரில் ஒரு ஓட்டல் வாசலில் உள்ள மெஷினில் சிவப்பு எமர்ஜென்சி பொத்தானை யாராவது அடிக்கடி விளையாட்டாக அழுத்திவிட்டுப் போகிறார்கள். ஹெல்ப்லைனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு வலப்பக்கம் திருகுங்கள், வெளியே வந்துவிடும்.

நெல்லிக்குப்பம் ஓய்வு (மின்துறை):

டாக்ஸிக்காரர் சொன்னது சரி. ஏசி பற்றி மட்டும் சேர்க்கிறேன். பேட்டரிக்குள் போவது எப்போதும் டிசிதான். ஏசி கன்னைச் செருகினால் அதை மாற்றுவது காருக்குள் உள்ள சின்ன சார்ஜர். டியாகோவில் அது 3.3 அல்லது 7.2 கிலோவாட், வேரியன்ட்டைப் பொறுத்து. எனவே 22 கிலோவாட் டைப் 2 என்று போட்டிருந்தாலும் உங்களுக்கு அந்த 7.2-க்கு மேல் வராது. டிசி மெஷினில் மாற்றும் வேலை வெளியே உள்ள பெரிய பெட்டியிலேயே முடிந்துவிடுகிறது, நேராக பேட்டரிக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்குத்தான் அவ்வளவு விலை, நம்மிடம் வாங்குகிற கட்டணமும் அதனால்தான் அதிகம். பாண்டியில் ராத்திரி தங்கப் போகிறீர்கள் என்றால் ஓட்டலில் ஏசி சார்ஜர் இருக்கிறதா என்று கேளுங்கள். டிசியைத் தேடி அலைய வேண்டாம்.

வில்லியனூர் காமெட்:

நம்ம எம்ஜி காமெட் குட்டிக் காருக்கு டிசியே கிடையாது, 17.3 யூனிட்டும் ஏசியில்தான். இந்தக் குழப்பமே எனக்கு இல்லை. தாம்பரத்துக்குப் பஸ்ஸில் போகிறேன்.

மஞ்சக்குப்பத்தான்:

எல்லோருக்கும் நன்றி. திண்டிவனம் பக்கம் ஒரு 30 கிலோவாட் தெரிகிறது, அதிலேயே போடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை கொட்டுமே, நனைந்துகொண்டு டிசி கன்னைப் பிடிக்கலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

ஈசிஆர் டாக்ஸி:

பிடிக்கலாம் சார். கன் உட்கார்ந்து, லாக் விழுந்து, காரும் மெஷினும் பேசி, கரண்ட் எங்கேயும் கசியவில்லை என்று பார்க்கிற இன்சுலேஷன் சோதனை முடிந்த பிறகுதான் பின்னில் கரண்டே வரும். கையில் இருக்கும்போது அது வெறும் கன். கேபிள் எங்கேயாவது கிழிந்து உள்ளே கம்பி தெரிந்தால் மட்டும் தொடாதீர்கள். கன் தரையில் கிடந்தால் அப்படியே செருகாதீர்கள், துளையில் மணலும் தண்ணீரும் இருக்கும். தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டு, உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுங்கள். அப்புறம் திண்டிவனத்துக்குக் கிளம்பும் முன் ஆப்பில் அந்த மெஷினுக்கு வந்திருக்கும் கடைசி கமென்ட் எந்தத் தேதி என்று பாருங்கள். பழையதாக இருந்தால் அடுத்த சார்ஜர் வரைக்கும் போகிற அளவுக்குச் சார்ஜைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.