மாருதி 800: இடது முன் டயர் உள்பக்கம் மட்டும் மொட்டை. டோவா, கேம்பரா?

பழைய800: 2005 மாடல், 145/70 ஆர்12. இடது முன் டயரில் உள்ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குக் கம்பி தெரியுது. வெளிப்பக்கம் இன்னும் 4 மி.மீ. ட்ரெட் இருக்கு. வலது உள்ஓரம் லேசாத்தான் தேஞ்சிருக்கு. 3,000 கி.மீ. முன்னாடி அலைன்மென்ட் செஞ்சப்ப டோ (மேலிருந்து பார்த்தா முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) சரியா இருந்துச்சு. புது டயர் மாட்டலாமா?

ஸ்பேனர்12: இது டோ அவுட், அதாவது சக்கரங்களோட முன்பக்கம் வெளியே விரிஞ்சிருக்கு. ரிம்மில் அளந்து மொத்தம் 5 மி.மீ. விரிஞ்சிருந்தாலே ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்குச் சுமார் 7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். 800-ல் ஸ்டெபிலைசர் பார்தான் லோயர் ஆர்மை (சக்கரத்தைக் கீழே பிடிக்கிற கை) முன்பின் நகராம பிடிக்குது. அதோட ரப்பர் புஷ் போச்சுன்னா பிரேக் அடிக்கும்போதெல்லாம் சக்கரம் பின்னால போகும், டோவும் மாறும். நிறுத்தி வச்சு எடுத்த டோ அளவை நம்பி என்ன பிரயோஜனம்?

கேம்பர்_குமார்: ஒத்துக்க முடியாது சார். நேரா ஓடும்போது டோ பிழையை ரெண்டு முன் சக்கரமும் பங்கு போட்டுக்கும், தேய்மானமும் ரெண்டிலும் வரணும். இங்க ஒண்ணுதான் மொட்டை. ட்ரெட்டைக் குறுக்கே தடவிப் பாருங்க. டோ அவுட்னா வெளியிலிருந்து உள்ளே தடவும்போது ரம்பப்பல் மாதிரி குத்தும். எந்தத் திசையில் தடவினாலும் வழவழன்னு இருந்தா கேம்பர், அதாவது சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ஞ்சிருக்கிறது. அலைன்மென்ட் பிரிண்ட்டில் எஸ்ஏஐ (ஸ்டியரிங் திரும்புற அச்சோட சாய்வு) இருந்தா அதையும் போடுங்க.

பழைய800: இடது வழவழப்பு. வலது லேசா குத்துது. கேம்பர் இடது −1°40′, வலது −0°15′. எஸ்ஏஐ இடது 12°10′, வலது 12°05′.

கேம்பர்_குமார்: ஒவ்வொரு பக்கத்துக்கும் கேம்பரையும் எஸ்ஏஐயையும் கூட்டுங்க. இடது 10°30′, வலது 11°50′. எஸ்ஏஐ ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு, இடது கூட்டுத்தொகை மட்டும் 1°20′ குறையுது. அப்ப ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பர் தூண்) நக்கிளோ (சக்கர ஹப்பைத் தாங்குற துண்டு) வளைஞ்சிருக்கு. பெரிய பள்ளத்தில் விழுந்த வண்டியில் சகஜம். லோயர் ஆர்மோ அதைத் தாங்குற கிராஸ் மெம்பரோ நகர்ந்திருந்தா எஸ்ஏஐயும் மாறியிருக்கும், கூட்டுத்தொகை மாறாது. டோ மட்டும் திருப்பி எத்தனை தடவை செட் பண்ணாலும் அடுத்த டயரும் இதே கதிதான்.

ஸ்பேனர்12: இடது கேம்பர், சரி. ஆனா வலது குத்துதே, அதுக்கு கேம்பர் பதில் சொல்லாது. புஷ்ஷைச் சோதிக்காம விடாதீங்க. சமதரையில் ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு முதல் கியரிலயும் ரிவர்ஸிலயும் கிளட்சை லேசா விடட்டும். நீங்க பக்கவாட்டில் நின்னு பாருங்க, வண்டிக்கு முன்னாடி நிக்க வேண்டாம். வீல் ஆர்ச்சுக்குள்ள சக்கரம் முன்பின் போனா புஷ் காலி. அப்புறம் ஜாக்கி ஏத்தி, ஸ்டாண்ட் வச்சு, சக்கரத்தை 9 மணி, 3 மணி இடத்தில் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற மூட்டு) அல்லது ஸ்டியரிங் ரேக்.

கேம்பர்_குமார்: அதுல சண்டை இல்ல. ஆனா வரிசை முக்கியம்: முதலில் ஸ்ட்ரட், பிறகு புஷ், கடைசியில்தான் அலைன்மென்ட். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்கணும். தொங்கவிட்டு டைட் பண்ணா ரப்பர் முறுகின நிலையிலேயே நின்னு சீக்கிரம் கிழியும். கம்பி தெரியுற டயரைப் பின்னால மாத்தி ஓட்டாதீங்க, ஸ்டெப்னியாவும் வைக்காதீங்க.