மயோஃபேசியல் ரிலீஸ்: கைக்குத் தட்டுப்பட்டவை, பலர் சறுக்கும் இடங்கள்

எண்ணெய் தேய்த்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் பலர் வந்து படுக்கிறார்கள். மயோஃபேசியல் ரிலீஸ் என்பது தசையையும் அதைச் சுற்றியிருக்கும் உறையையும் கையால் மெதுவாக அழுத்தி, இழுத்துப் பிடித்து இளக்கும் சிகிச்சை. இதற்கு எண்ணெய் ஆகாது. கை வழுக்கினால் அந்த உறையில் பிடிமானம் கிடைக்காது. உலர்ந்த தோலில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அமிழ்த்துங்கள். தடை தட்டுப்பட்டதும் அங்கேயே நிறுத்தி, சருமம் சறுக்காமல் லேசாக ஒரு பக்கம் இழுத்துப் பிடியுங்கள். 90 விநாடியிலிருந்து 3 நிமிடம் வரை. முதல் அரை நிமிடம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். பொறுமை இழந்து அழுத்தத்தைக் கூட்டுவது அப்போதுதான். கூட்டினால் தசை எதிர்த்து இறுகும். காத்திருந்தால் கை தானாக அரை விரல்கடை நகர்ந்துபோகும். அந்த நெகிழ்வைப் பின்தொடர்ந்து அடுத்த தடைக்குப் போகலாம்.

*

அழுத்தம் போதுமா, அதிகமா என்பதை மூச்சே காட்டிக்கொடுக்கும். படுத்திருப்பவர் மூச்சைப் பிடித்தாலோ கால்விரலை மடக்கினாலோ உடனே குறையுங்கள். பத்துக்கு ஆறு அளவு வலி போதும், அதற்கு மேல் வேண்டாம்.

வலிக்கிற இடத்தை மட்டும் பிடிப்பதும் தவறுதான். தோள்மேட்டுத் தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே கவ்விப் பார்த்தால், இறுகிய நாண் போல ஒன்று உருளும். அதில் ஒரு முடிச்சை அழுத்தும்போது நெற்றிப்பொட்டில் வலி தெறித்தால், தலைவலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதேபோல இடுப்பின் பக்கவாட்டில் உள்ள சிறிய பிட்டத் தசையில் முடிச்சு இருந்தால் வலி கால்வரை இறங்கும். சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி, என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

*

மேலே சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். கணினி முன் குனிந்தே இருப்பவர்களுக்குத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வலிக்கும். முதுகையே பிசைந்துகொண்டிருந்தால் சுகம் ஒரு நாள்தான். அங்கே இருக்கும் தசை பெரும்பாலும் இழுபட்டுத் தளர்ந்திருக்கும். சுருங்கியிருப்பது முன்பக்க மார்புத் தசை. முதலில் அதை விடுவித்துவிட்டு, பிறகு முதுகுத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சி இல்லாமல் வெறும் கைச்சிகிச்சையை மட்டும் வாரக்கணக்கில் நீட்டுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

வீட்டில் செய்ய டென்னிஸ் பந்து போதும். ஒரு நீளமான சாக்ஸுக்குள் போட்டு, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே தொங்கவிட்டுச் சாயுங்கள். வலிக்கும் புள்ளியில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கலாம். முதுகெலும்பின் மேல் பந்து வரவே கூடாது. ஃபோம் ரோலரில் (கெட்டியான நுரை உருளையில்) வேகமாக முன்னும் பின்னும் உருளுவது பலன் தராது. விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். முழங்காலின் பின்குழியைத் தொடாதீர்கள்.

*

மறுநாள் லேசான வலி இருந்தால் பயமில்லை, ஒன்றிரண்டு நாளில் அடங்கும். நீலம் பாய்ந்தால் அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் படுக்கக் கூடாது. காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். கழுத்தின் முன்பக்கம், நாடி துடிக்கும் இடத்தில், யாரும் கை வைக்க விடாதீர்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டாலே வலித்தால் அதைப் பிடிப்பு என்று நினைத்து அமுக்கவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். அமுக்கினால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுங்கள்.