கமண் ஏன் சிவக்கிறது, காந்த்வி ஏன் சுருள மறுக்கிறது

குஜராத்திச் சமையல் செய்து பார்ப்பவர்கள் அதிகம் இடறுவது காரத்தில் அல்ல, புளிப்பில். எவ்வளவு புளிப்பு, எந்த நேரத்தில் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடையில் ‘டோக்ளா’ என்று மஞ்சளாக, பஞ்சு போல வைத்திருப்பது பெரும்பாலும் கமண். டோக்ளா என்பது அரிசியும் பருப்பும் ஊறவைத்து, கொஞ்சம் கரகரப்பாக அரைத்து, புளித்த தயிர் சேர்த்து 8 முதல் 10 மணி நேரம் பொங்கவைத்து ஆவியில் வேகவைப்பது. வெளுப்பாக இருக்கும், நம் இட்லிக்குப் பங்காளி. கமண் முழுக்கக் கடலைதான். அதிலும் இரண்டு வகை: கடலைப்பருப்பை ஊறவைத்து அரைப்பது ‘வாட்டி தால் கமண்’, கடலை மாவைக் கரைத்து உடனடியாகச் செய்வது ‘நைலான் கமண்’. சூரத்தில் இதே கடலைப்பருப்பு மாவை இன்னும் இளக்கமாகக் கரைத்து வேகவைத்து, எண்ணெயும் சேவும் தூவித் தருவார்கள். அதன் பெயர் லோச்சோ. நைலான் கமணில் யாருக்கு எது சொதப்பியது என்று எழுதுங்கள்.

---

நைலான் கமணுக்கு எடைக் கணக்கு சொல்கிறேன். கப்பில் அளந்தால் மாவு ஒவ்வொரு முறையும் கூடும், குறையும்.

கடலை மாவு 200 கிராம், தண்ணீர் 270 மில்லி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு, இஞ்சி–பச்சைமிளகாய் விழுது. எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 3 கிராம், சமையல் சோடா 4 கிராம். இந்த 3க்கு 4தான் முக்கியம். எடையில் இந்த விகிதத்தில்தான் இரண்டும் ஒன்றையொன்று முழுதாகத் தீர்த்துக்கொள்கின்றன. சோடா மிஞ்சினால் சோப்பு வாடை வரும். எலுமிச்சை உப்பு மிஞ்சினால் பல் கூசும். ஈனோ போடுபவர்கள் எலுமிச்சை உப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டாம், ஈனோவிலேயே அது இருக்கிறது.

மாவை சலித்து, சோடா தவிர எல்லாம் கலந்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே சோடாவைத் தொடவேண்டும். சோடா போட்டு அரை நிமிடத்துக்குள் கலக்கி, எண்ணெய் தடவிய தட்டில் பாதி உயரத்துக்கு ஊற்றி உள்ளே வைத்துவிடுங்கள். ஒரே திசையில் கலக்கவேண்டும் என்பார்கள். திசை எதுவானாலும் பரவாயில்லை, நேரம்தான் கணக்கு. நுரை அடங்கும்வரை கலக்கிக்கொண்டிருந்தால் கமண் சப்பையாகிவிடும். மூடியில் துணி கட்டி, பெரிய தீயில் 15 முதல் 18 நிமிடம். முதல் 12 நிமிடம் திறக்கவே கூடாது, நடுவில் குழி விழும்.

---

சிவப்புப் புள்ளி விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. மஞ்சள்தூள் காரத்தன்மை பட்டால் சிவக்கும். சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது சிவக்கிறதே, அதே சங்கதி. சோடா கட்டியாக விழுந்த இடமெல்லாம் செம்புள்ளி. சோடாவைச் சலித்து, ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் புள்ளி வராது. மொத்தமாகவே சிவந்தால் சோடா அதிகம், அல்லது மஞ்சள் அதிகம். மஞ்சள் ஒரு சிட்டிகை போதும்.

தொண்டையை அடைக்கிறது என்பது இன்னொரு புகார். அதற்குக் காரணம் தாளிப்பில் தண்ணீர் ஊற்றாதது. எண்ணெயில் கடுகு, எள், கீறிய பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, 150 மில்லி தண்ணீரும் ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. கமணை 5 நிமிடம் ஆறவிட்டுத் துண்டு போட்டபின் வெட்டிய கோடுகளுக்குள் இறங்கும்படி இதை ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுப் பரிமாறுங்கள்.

---

மெல்லிசாகத் தேய்த்துச் சுருட்டும் காந்த்விக்கு வருகிறேன். பொருள் கடலை மாவும் மோரும்தான், ஆனால் கைப்பதம் கேட்கும் பண்டம். மாவு 1 கப், புளித்த மோர் 3 கப் (1 கப் தயிர், 2 கப் தண்ணீர்). மஞ்சள், பெருங்காயம், உப்பு, இஞ்சி–மிளகாய் விழுதின் சாறு. விழுதாகவே போட்டால் நார் தடுக்கி மெல்லிசாகத் தேய்க்க வராது. மாவை மோரில் கரைத்து வடிகட்டியே ஆகவேண்டும். அடி கனமான வாணலியில் சிறு தீயில் கை விடாமல் கிளறினால் 10, 12 நிமிடத்தில் பளபளப்பு ஏறும்.

எப்போது இறக்குவது? கடிகாரத்தை நம்பாதீர்கள். ஒரு ஸ்பூன் எடுத்துக் கவிழ்த்த தட்டின் பின்புறம் மெல்லிசாகத் தேயுங்கள். ஒரு நிமிடத்தில் ஓரம் உரிந்து சுருண்டால் பதம். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் வேகவில்லை, இன்னும் இரண்டு நிமிடம். பதம் வந்ததும் ஓடவேண்டும். வாணலியிலேயே இறுகத் தொடங்கிவிடும், அதனால் மூன்று நான்கு தட்டுகளை முன்கூட்டியே கவிழ்த்து வைத்திருங்கள். தட்டில் எண்ணெய் தடவ வேண்டியதில்லை. தடவினால் தேய்க்கும்போது மாவு வழுக்கிச் சீராகப் பரவாது. முழுத் தட்டும் தேய்த்த பிறகு உரியாவிட்டால் பயப்படாமல் சுரண்டி வாணலியில் போட்டு மறுபடி கிளறலாம். மாறாக, திரிதிரியாக உருண்டு தேய்க்கவே வராவிட்டால் பதம் தாண்டிவிட்டது. இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டு அடித்துப் பாருங்கள், பாதி தப்பிக்கும்.

---

அடுத்து தயிரும் கடலை மாவும் சேர்ந்த குழம்பான கடி. (பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.) மோர்க்குழம்பு வைத்துப் பழகியவர்கள் இதில் செய்யும் தவறு, நுரை கட்டியதும் இறக்கிவிடுவது. மோர்க்குழம்பு கொதித்தால் திரியும். கடியில் கடலை மாவு இருப்பதால் திரியாது, 10 நிமிடமாவது கொதிக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் பச்சை மாவு வாடை அடிக்கும். ஆனால் முதல் கொதி வரும்வரை கிளறிக்கொண்டே இருங்கள். புளித்த தயிர் 250 கிராம், மாவு 20 கிராம், தண்ணீர் 500 மில்லி, வெல்லம் அல்லது சர்க்கரை 15 கிராம். மஞ்சள் வேண்டாம். தாளிப்பு நெய்யில்: கடுகு, சீரகம், வெந்தயம், இரண்டு கிராம்பு, சின்னத் துண்டு பட்டை, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. ஆறினால் கெட்டிப்படும், நீர்க்கவே வையுங்கள். இனிப்பு வேண்டாம் என்று வெல்லத்தை விட்டுவிட்டால் வெறும் புளிப்புதான் மிஞ்சும்.

---

பல காய்கள் சேர்த்துச் செய்யும் உந்தியு பற்றி யாராவது சொல்லுங்களேன். காய் குழைகிறது, அதில் போடும் வெந்தயக்கீரை உருண்டையான முட்டியா கல்லாகிறது.

---

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. முதலில் பெயர்: குஜராத்தியில் ‘உந்து’ என்றால் தலைகீழ். மண்பானையில் காய்களை அடைத்து, வாயைக் கீழே கவிழ்த்து, சுற்றிலும் நெருப்பு மூட்டி வேகவைத்ததால் வந்த பெயர். வல்சாட் பக்கம் குளிர்காலத்தில் இப்படி எண்ணெயும் தண்ணீரும் இல்லாமல் செய்வதற்கு உபாடியு என்று பெயர். வீடுகளில் ஜனவரி 14 உத்தராயணத்துக்குச் செய்வது அடுப்பில் வைக்கும் சூரத்தி உந்தியு. பச்சைப்பூண்டுத் தழை, கொத்தமல்லி, தேங்காய் சேர்ந்து பச்சையாக இருக்கும். சௌராஷ்டிரப் பக்கத்துக் காட்டியாவாடி வகை சிவப்பு, காரம்.

முட்டியா கல்லாவதற்குக் காரணம் தண்ணீர் விட்டு அழுத்திப் பிசைவது. வெந்தயக்கீரை 100 கிராம் நறுக்கி, உப்பு, சர்க்கரை போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் அதுவே நீர் விடும். கடலை மாவு 60, கரகரப்பான கோதுமை மாவு 60, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை சோடா. சேர்ந்து வரும் அளவுக்குத்தான் பிசையவேண்டும். வெறும் கடலை மாவில் செய்தாலும் இறுகும். நடுத்தரத் தீயில் பொரியுங்கள், பெருந்தீயில் உள்ளே மாவாகவே இருக்கும்.

காய் குழைவது எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவதால். முதலில் எண்ணெயில் ஓமம் தாளித்து, அவரை வகையான பாப்டி 250 கிராம். பச்சை நிறம் நிற்கக் கொஞ்சம் சோடா போடுவார்கள், கால் சிட்டிகை தாண்டினால் தோல் கூழாகும். அதன்மேல் உருளை, சர்க்கரைவள்ளி, கந்த் எனும் ஊதாக் கிழங்கு. ஒரு கப் தண்ணீர் விட்டு மூடி, கிழங்கு முக்கால் வெந்த பிறகு மசாலா அடைத்த சின்னக் கத்திரிக்காயும் தோலோடு வெட்டிய வாழைக்காயும். முட்டியா கடைசிப் பத்து நிமிடம் மட்டும். அது குழம்பை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அந்த நேரத்தில் அடியில் கொஞ்சம் நீர் நிற்கவேண்டும். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், பாத்திரத்தைப் பிடித்துக் குலுக்குங்கள். எண்ணெயைப் பார்த்துக் கை நடுங்கினால் இது சரிவராது, கறிவகைகளுக்கு ஊற்றுவதைப்போல் மூன்று மடங்கு குடிக்கும்.

---

ஊதாக் கிழங்கு எங்கே கிடைக்கும் என்று கேட்கப்போகிறவர்களுக்கு: அது நம் ராசவள்ளிக் கிழங்குதான். தோல் சீவும்போது கை அரிக்கும், எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் சேனை போடலாம், நிறம் மட்டும் வராது.