என்.சி. லேக்கர் வெள்ளையாகப் பூக்கிறது: காரணம் தின்னரா, மழைக் காற்றா?

மரவேலை_தஞ்சை:
ஐப்பசி மழையில் தேக்குக் கதவுகளுக்கு பாலிஷ் வேலை நடக்கிறது. மரத்தின் நுண்துளையை அடைக்கும் சாண்டிங் சீலர் இரண்டு கோட், 320 நம்பர் உப்புத்தாள், மேலே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் லேக்கர் ஸ்ப்ரே. லேக்கருக்குத் தின்னர் 1:1. அடித்து ஐந்து நிமிடத்துக்குள் வெள்ளை பூத்துவிடுகிறது. லேக்கர் டின் புதுசு. தின்னர் மட்டும் கேனில் லூசாக வாங்கியது, லேபிள் இல்லை. "டொலுவீன் கலந்தது, எல்லாத்துக்கும் ஆகும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். கதவைக் காப்பாற்ற முடியுமா? சாரலுக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு அடிக்கிறோம், பையன்களுக்குத் தலை கிறுகிறுக்கிறது. முகத்தில் துணி கட்டினால் போதுமா?

பாதுகாப்பு_மணலி:
தம்பி, போதாது. ஜன்னலைத் திறக்காமல் அடுத்த கோட் அடிக்காதீங்க. விவரம் கீழே எழுதுகிறேன், முதலில் வேலையை நிறுத்துங்க.

வேதி_அம்பத்தூர்:
வெள்ளை பூப்பதில் இரண்டு வகை உண்டு. மருந்தும் வேறு வேறு.

ஒன்று, காற்றின் ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 30 டிகிரி வெப்பம், 85% ஈரப்பதம் இருக்கும் நாளில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 27 டிகிரிக்குப் பக்கம். பூச்சு 3 டிகிரி குளிர்ந்தாலே அதன்மேல் தண்ணீர் படியும். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 60% என்றால் எட்டு, ஒன்பது டிகிரி குளிர்ந்தால்தான் படியும். வெயில் நாளில் இந்தத் தொந்தரவு வராததற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது, தின்னரின் சேர்மானம். பலர் கவனிக்காத இடம் இது. லேக்கரின் அடிப்படைப் பொருளான நைட்ரோசெல்லுலோஸை டொலுவீன் தனியாகக் கரைக்காது. அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் போன்றவை கரைத்து வைத்ததைத் தளர்த்தத்தான் அது உதவும், விலையும் குறைவு. அளவு மீறினால் நைட்ரோசெல்லுலோஸ் வெள்ளையாகத் திரிந்து பிரிந்துவிடும்.

எது முதலில் பறக்கிறது என்பதையும் பார்க்கணும். பியூட்டைல் அசிட்டேட் ஆவியாகும் வேகத்தை 1 என்று வைத்தால் அசிட்டோன் ஏறத்தாழ 5.6, டொலுவீன் 2. வெறும் அசிட்டோனும் டொலுவீனும் கலந்த மலிவுத் தின்னரில் கரைக்கிற அசிட்டோன் முதலில் ஓடிவிடும். கரைக்காத டொலுவீன் பூச்சில் தங்கும். கேனில் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்த லேக்கர் பலகையில் வெளுப்பது இதனால்தான். நல்ல தின்னரில் கடைசிவரை நின்று கரைக்க பியூட்டைல் அசிட்டேட் போன்ற மெதுவான ஒன்று இருக்கும்.

எந்த வகை என்று பார்க்க, அதே லேக்கரில் 20 மி.லி. வீதம் இரண்டு கண்ணாடிக் குப்பியில் எடுங்க. ஒன்றில் லூஸ் தின்னர், மற்றதில் லேக்கர் கம்பெனியே சிபாரிசு செய்யும் தின்னர், சம அளவு. மழை விட்ட, வெயிலடிக்கும் மதியத்தில் இரண்டையும் ஜன்னல் கண்ணாடித் துண்டில் மெல்லியதாக இழுத்து விடுங்க. லூஸ் தின்னர் போட்டது மட்டும் வெளுத்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தால் குற்றம் தின்னரில். இரண்டும் தெளிவாகக் காய்ந்தால் குற்றம் ஈரக் காற்றில்.

மரவேலை_தஞ்சை:
பார்த்தாச்சு அண்ணா. லூஸ் தின்னர் போட்டது மங்கல், கம்பெனித் தின்னர் போட்டது தெளிவு. ஆனால் கம்பெனித் தின்னரையே சாயங்காலம் மழைக்கு நடுவில் இழுத்தால் லேசாக வெளுக்கிறது. காய்வதை மெதுவாக்கும் ரிடார்டர் எவ்வளவு விடலாம்? பெட்ரோல் கொஞ்சம் சேர்த்தால் மெதுவாகும் என்கிறார்களே?

வேதி_அம்பத்தூர்:
பெட்ரோல் வேண்டவே வேண்டாம். நைட்ரோசெல்லுலோஸைத் திரித்துத் தள்ளுவதில் அது டொலுவீனைவிட மோசம். தீப்பிடிக்கும் அபாயத்தைத் தனியாகச் சொல்லணுமா?

உங்களுக்கு இரண்டு குற்றமும் சேர்ந்திருக்கு. லூஸ் கேனை லேக்கரில் இனி விடாதீங்க. ரிடார்டர் பெரும்பாலும் பியூட்டைல் செல்லோசால்வ். கொதிநிலை 171 டிகிரி, ஆவியாகும் வேகம் 0.07. அவ்வளவு மெதுவானது. கலந்த லேக்கர் ஒரு லிட்டருக்கு 50 மி.லி. போதும். 100 மி.லி. தாண்டினால் பூச்சு நாள்கணக்கில் மெத்தென்று இருக்கும், உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், கதவைச் சாய்த்து வைத்த இடத்தில் தடம் விழும். இது தோல் வழியாகவும் உடம்பில் இறங்கும், கையில் படவிடாதீங்க.

பூத்த கதவுக்கு: என்.சி. பூச்சு ஆவியாகி மட்டுமே காய்வது, அதனால் திரும்பக் கரையும். ஈரம் குறைந்த மதியத்தில் கம்பெனித் தின்னர் 3 பங்கு, ரிடார்டர் 1 பங்கு, லேக்கர் இல்லாமல், 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து மூடுபனியாக ஒரு கை. மேற்பரப்பு பளபளவென்று நனைந்ததும் நிறுத்திடுங்க, வழியவிடக் கூடாது. ஈரத்தால் பூத்தது பெரும்பாலும் இதிலேயே தெளிந்துவிடும். மாவாக உதிரும் இடம் தெளியாது. அங்கே 320-ல் தேய்த்து எடுத்துவிட்டு மெல்லிய கோட்டாக மறுபடி அடிக்கணும். தடித்து அடித்தால் குளிர்ச்சியும் கூடும்.

கம்ப்ரசர் தொட்டித் தண்ணீரைக் காலையிலும் மதியமும் திறந்து விடுங்க. ஈரம் பிடிக்கும் ஃபில்டர் ஸ்ப்ரே கன் பக்கமாக இருக்கணும். கம்ப்ரசர் வாயில் வைத்தால் காற்று சூடாக இருக்கும்போதே கடந்துபோய், ஹோசில் குளிர்ந்து தண்ணீராகும்.

பாதுகாப்பு_மணலி:
இப்போ கிறுகிறுப்பு விஷயம். ஒரு லிட்டர் டொலுவீன் 10 அடிக்கு 10 அடி, 10 அடி உயர அறையில் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 8,000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 8,000 பங்கு). நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை 8 மணி நேர சராசரிக்கு வைத்திருந்த வரம்பு 100. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் குறிப்பது 500. சாத்திய அறையில் தலை சுற்றுவது உடம்பு தரும் எச்சரிக்கை. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகி வாசமே தெரியாது. வாசம் போயிடுச்சு என்று ஆவி போனதாக எண்ணக் கூடாது. கிறுகிறுத்தவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்க. மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108.

துணியும் என்95 முகமூடியும் தூசிக்கு மட்டும்தான். தேவை ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டிய அரைமுக மாஸ்க், முன்னால் துளி பிடிக்கும் ஃபில்டர். தாடி இருந்தால் ஒட்டாது. இதிலும் ஒரு சிக்கல்: லேபிள் இல்லாத தின்னரில் மெத்தனால் இருந்தால் இந்தக் கார்ட்ரிட்ஜ் அதைப் பிடித்து வைக்காது. அந்தக் கேனைக் கைவிடச் சொல்ல எனக்கு இந்த ஒரு காரணம் போதும். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. டொலுவீன் இரைச்சலோடு சேர்ந்து காதையும் கெடுக்கும், கம்ப்ரசரை வெளியே வையுங்க.

மெல்லிய நைட்ரில் கையுறை தெறிப்புக்கு மட்டும். நனைந்தால் உடனே கழற்றிடணும். தொடர்ந்து கை நனையும் வேலைக்குப் பல அடுக்கு லேமினேட் உறை. கையைத் தின்னரில் கழுவும் பழக்கத்தை விடுங்க, எண்ணெய் தேய்த்து சோப்புப் போட்டால் போகும்.

டொலுவீன் 4 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து பக்கத்து அறை சாமி விளக்கு வரை போகும். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனின் மோட்டாரும் சுவிட்சும் பொறி தரும். தீப்பொறி தடுப்பு வகை இல்லையென்றால் எதிரெதிர்க் கதவு ஜன்னலைத் திறந்து வைப்பதே மேல். டிரம்மிலிருந்து ஊற்றும்போது இரும்புப் பாத்திரத்தில், இரண்டையும் கம்பியால் இணைத்து, எர்த் கொடுத்து, மெதுவாக. பிளாஸ்டிக் பக்கெட்டில் நிலைமின்சாரம் சேரும்.

மரவேலை_தஞ்சை:
நன்றி அண்ணா. தரையில் உதிர்ந்த வெள்ளைத் தூளையும் துடைத்த பனியன் வேஸ்டையும் என்ன செய்வது? மூட்டை கட்டி மூலையில் வைத்திருக்கோம்.

பாதுகாப்பு_மணலி:
அதை இன்றைக்கே எடுங்க. அந்தத் தூளில் இருப்பது உலர்ந்த நைட்ரோசெல்லுலோஸ், ஒரு பொறி போதும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, மரச்சட்டம் அல்லது பித்தளைத் தகட்டால் கூட்டுங்க. இரும்புக் கரண்டியால் சுரண்டவோ வேக்கம் கிளீனர் போடவோ கூடாது. தூளும் துணியும் தண்ணீர் நிறைந்த மூடியுள்ள இரும்பு டின்னில், கட்டடத்துக்கு வெளியே, நிழலில். மிச்சத் தின்னர் சாக்கடைக்குப் போகக் கூடாது. அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்க.